போக்கர் மேசையில் எதிராளியின் பழக்கம்: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் சனிக்கிழமை இரவு வீட்டில் மேசை போடுகிறவர்களையும், டர்பனில் கேசினோ மேசையில் போய் உட்காருகிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஆட்டம் நோ லிமிட் டெக்சஸ் ஹோல்டெம். எந்தக் கை எதைவிடப் பெரியது, பிளைண்ட், பட்டன் என்றால் என்ன என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கணக்குப் போட வசதியாக பிளைண்ட் 10, 20 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு நிபந்தனை. ஒரே அறிகுறிக்கு இரண்டு மூன்று காரணம் இருக்கலாம். காரணம் மாறினால் மருந்தும் மாறும். அதனால் ஒருவர் ஒரு தடவை ஏதோ செய்தார் என்பதற்காக அவர்மேல் முத்திரை குத்திவிடாதீர்கள். இணையத்தில் ஆடுகிற நாடுகளில் எதிராளியின் ஒவ்வொரு கையையும் எண்ணிச் சொல்ல மென்பொருள் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 2004-ஆம் ஆண்டு தேசிய சூதாட்டச் சட்டம் இணையவழிச் சூதாட்டத்தைத் தடுத்திருப்பதால், நமக்கு இருப்பது கண்ணும் ஞாபகமும்தான். நேரடி மேசையில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 25 முதல் 30 கை ஓடும். அதில் ஒருவர் கடைசிவரை போய்ச் சீட்டைத் திறந்து காட்டுவது மிகச் சில தடவைதான். அந்தச் சில தடவைதான் உங்கள் சாட்சி. நீங்கள் கவிழ்த்துவிட்ட பிறகும் கைப்பேசியை எடுக்காமல் மேசையைப் பாருங்கள். ஒரு தடவை பார்த்தது சந்தேகம். அதே மாதிரி இன்னொரு தடவையும் பார்த்தால், அப்புறம் அதன்மேல் பணம் வைக்கலாம்.

எந்தக் கையையும் விடமாட்டார், எதற்கும் கால் பண்ணுவார்

கால் என்றால் எதிராளி கட்டிய அதே தொகையைப் போட்டுத் தொடர்வது. நம் ஊர் மேசைகளில் நான் அதிகம் பார்ப்பது இதுதான். கிடைக்கும் லாபத்தில் பெரும்பகுதியும் இங்கேயிருந்துதான் வருகிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம்மில் பலர் வளர்ந்தது துனீ ஆட்டத்தில். 24 சீட்டு, நான்கு பேர், ஆளுக்கு ஆறு. வந்த சீட்டை எப்படியும் ஆடித்தான் ஆக வேண்டும், பாதியில் எழுந்துபோக வழி கிடையாது. அந்தப் பழக்கத்தோடு போக்கருக்கு வருகிறவருக்கு ஃபோல்ட் பண்ணுவது, அதாவது சீட்டைக் கவிழ்த்துக் கையை விட்டுவிடுவது, தோற்றுப்போன மாதிரி தோன்றுகிறது. 2007-ல் ஜொகானஸ்பர்க்கின் ரேமண்ட் ரஹ்மே போக்கர் உலகத் தொடரின் (WSOP) முதன்மைப் போட்டியில் மூன்றாம் இடம் பிடித்து 30 லட்சம் டாலருக்கு மேல் வென்ற செய்தி வந்த சமயத்தில், எனக்குத் தெரிந்த சில துனீக்காரர்கள் போக்கரைத் தொட்டார்கள். சீட்டு ஞாபகத்தில் அவர்களை அசைக்க முடியாது. எந்தச் சீட்டு போயிற்று, எது பாக்கி என்று மளமளவென்று சொல்வார்கள். ஆனால் கையில் 7-4 இருந்தாலும் ஃபிளாப் (தரையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு) பார்க்காமல் விடமாட்டார்கள்.

இது ஒரு காரணம். இரண்டாவது காரணம் சந்தேகம்: எல்லோரும் தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று நினைப்பவர், அதைப் பிடித்துவிட வேண்டும் என்பதற்காகவே பணம் கட்டுவார். மூன்றாவது, வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவர். சும்மா இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

எப்படிச் சரிபார்ப்பது? எந்தக் கட்டத்தில் விடுகிறார் என்று பாருங்கள். ரிவரில் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) பெரிய தொகைக்கும் மூன்றாம் ஜோடியோடு (தரையில் மூன்றாவது பெரிய சீட்டோடு சேரும் ஜோடி) கால் பண்ணினால் அவர் கடைசிவரை வருகிறவர். ஃபிளாப்பில் எதற்கும் கால் பண்ணிவிட்டு, டர்னில் (நான்காவது பொதுச் சீட்டு) இன்னொரு பெட் வந்ததும் கவிழ்த்துவிடுகிறவர் வேறு ஆள். இந்த இரண்டு பேரையும் ஒன்றாக நினைப்பதால்தான் பலருக்குக் கணக்கு தப்புகிறது.

கடைசிவரை வருகிறவரிடம் பிளஃப் (நல்ல கை இல்லாமலே கட்டி மிரட்டுவது) வேண்டாம். ஒரு தடவைகூட வேண்டாம். மேசை நடுவில் சேர்ந்த பணம், அதாவது பாட், 300 ராண்டாக இருக்கும்போது 150 கட்டி பிளஃப் பண்ணினால், மூன்றில் ஒரு தடவையாவது அவர் ஃபோல்ட் பண்ணினால்தான் உங்களுக்கு நஷ்டம் இல்லாமல் போகும். அவர் பத்தில் ஒரு தடவைகூட விடமாட்டார். அதற்குப் பதிலாக, நல்ல கை வரும்போது தொகையை ஏற்றுங்கள். உங்களிடம் ஏஸ்-கிங், தரையில் கிங், 9, 6, 3, 2. பாட் அதே 300. வழக்கமாகப் பலர் இங்கே 100 ராண்ட் கட்டிவிட்டுத் திருப்தியாகிவிடுவார்கள். கையில் ஒரு 9 வைத்திருக்கிற இவர் 100-க்கும் கால் பண்ணுவார், 250-க்கும் கால் பண்ணுவார். ஒவ்வொரு தடவையும் அந்த 150 ராண்டை நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள். கடைசியாகப் பேசுகிறவர் நீங்களாக இருந்தால், அவர் கால் பண்ணும் கைகளில் பாதிக்கு மேல் உங்கள் கையைவிடச் சின்னதா என்ற ஒரே கேள்விதான். ஆமாம் என்றால் கட்டுங்கள். மற்றவரிடம் பயந்து செக் பண்ணுகிற (பணம் கட்டாமல் தட்டிவிடுகிற) இரண்டாம் ஜோடிகூட இவரிடம் கட்டத் தகுந்த கைதான்.

ஃபிளாப் வரைக்கும் மட்டும் வருகிறவரிடம் நேர்மாறு. ஃபிளாப்பில் ஒரு பெட், டர்னில் இன்னொன்று. முதல் பெட்டுக்கு அவர் விடவில்லையே என்று நீங்கள் நிறுத்திவிட்டால், அவர் விட்டுக்கொடுக்கப் போகிற நேரத்தில் நீங்கள் விட்டுக்கொடுத்ததாகிவிடும்.

ஃபிளாப்புக்கு முன்பு மூன்று நான்கு பேர் 20 ராண்ட் மட்டும் போட்டு உள்ளே வந்திருந்தால், நல்ல கையோடு 60 என்று ரைஸ் பண்ணுவதில் பயனில்லை, எல்லோரும் வருவார்கள். 80-இல் தொடங்கி, ஏற்கெனவே வந்த ஒவ்வொருவருக்கும் 20 சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் என்றால் 140. அப்படியும் ஒருவர் இருவர் வருவார்கள், வரட்டும். அதற்குத்தானே நல்ல கையோடு ஏற்றுகிறீர்கள்.

ஃபிளஷ் வரும் என்று எந்த விலையும் கொடுக்கிறார்

தரையில் இரண்டு ஸ்பேடு, கையில் இரண்டு ஸ்பேடு. இனி ஒரு சீட்டுதான் பாக்கி என்றால், அவர் கண்ணுக்குத் தெரியாத 46 சீட்டில் 9 ஸ்பேடு இருக்கிறது. நூற்றில் 20-க்குச் சற்றுக் குறைவு. டர்னில் பாட் 400, நீங்கள் 300 கட்டினால், 700-ஐ வெல்ல அவர் 300 போட வேண்டும். அது சரியாக வர நூற்றில் 30 வாய்ப்பு தேவை. அவர் கால் பண்ணும் ஒவ்வொரு தடவையும் சராசரியாக 100 ராண்டுக்கு மேல் அவருக்குக் கையை விட்டுப் போகிறது. அதே இடத்தில் நீங்கள் பயந்து 50 கட்டினால் நூற்றில் 10 வாய்ப்பு இருந்தால் போதும், அவருடைய கால் சரியான கால் ஆகிவிடும். தவறைச் செய்ய வைப்பதும் தடுப்பதும் உங்கள் தொகைதான்.

சரிபார்ப்பு சுலபம். ரிவரில் அந்தச் சாதிச் சீட்டு வராதபோது அவர் உடனே கவிழ்க்கிறாரா என்று பாருங்கள். அப்படியென்றால் சீட்டு வராத ரிவரில் உங்கள் பெரிய பெட் யாருக்கும் போய்ச் சேராது, பணத்தை டர்னிலேயே வாங்கிவிட வேண்டும். மூன்றாவது ஸ்பேடு விழுந்து அவர் திடீரென்று முன்வந்து கட்டினால், ஒற்றை ஜோடியைக் கவிழ்த்துவிடுங்கள். "இந்தத் தடவை வந்திருக்காது" என்று மனசு சொல்லும். வந்திருக்கும்.

இவ்வளவு நேரம் அமைதியாக இருந்தவர் திடீரென ரைஸ் பண்ணுகிறார்

செக், கால், செக், கால் என்று ஓட்டிக்கொண்டிருந்தவர் டர்னிலோ ரிவரிலோ ரைஸ் பண்ணினால் உங்கள் ஒற்றை ஜோடி தோற்றுவிட்டது. அது ஏஸ் ஜோடியாக இருந்தாலும் சரி. சின்னத் தொகை மேசைகளில் இதைவிட நம்பகமான அறிகுறி எனக்குத் தெரியாது. அந்த ரைஸ் குறைந்தபட்சத் தொகைதான் என்றால் இன்னும் உறுதி, ஏனென்றால் உங்களைத் துரத்தாமல் உள்ளே வைத்திருக்கப் பார்க்கிறார். அதேபோல, முதலில் வெறும் 20 போட்டு உள்ளே வந்தவர், நீங்கள் ரைஸ் பண்ணியதும் மறு ரைஸ் பண்ணினால், ஏஸ் ஜோடியோ கிங் ஜோடியோ வைத்துக் காத்திருந்தார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அவர் இப்போதுதான் ஒரு பெரிய பாட்டை இழந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

ஃபிளாப்பில் தவறாமல் கட்டுகிறார், டர்னில் செக் பண்ணுகிறார்

கொஞ்சம் படித்துவிட்டு வந்தவர்களின் பழக்கம் இது. ஃபிளாப்புக்கு முன் ரைஸ் பண்ணினால் ஃபிளாப்பில் கட்ட வேண்டும் என்பதுவரை கற்றுக்கொண்டிருக்கிறார்கள், அதற்குப் பிறகு என்ன என்று யோசிக்கவில்லை. ஜோடி இல்லாத இரண்டு சீட்டுக்கு ஃபிளாப்பில் ஒரு ஜோடியாவது கிடைப்பது மூன்றில் ஒரு தடவைதான். ஆக எல்லா ஃபிளாப்பிலும் கட்டுகிறவர் பாதிக்கு மேல் வெறும் கையோடு கட்டுகிறார்.

நீங்கள் அவருக்குப் பின்னால் பேசுகிற இடத்தில் இருந்தால் ஃபிளாப்பில் கால் பண்ணுங்கள். பாட் 120, அவர் 60 கட்டினார், நீங்கள் கால் பண்ணினீர்கள், இப்போது பாட் 240. டர்னில் அவர் செக் பண்ணினால் 120 கட்டுங்கள். மூன்றில் ஒரு தடவை அவர் விட்டாலே போதும், இவர்களோ அதைவிட நிறைய விடுவார்கள். கையில் ஒன்றுமே இல்லாமல் இதைச் செய்வதைவிட, ஒரு சின்ன ஜோடியோ நேர் வரிசைக்கான வாய்ப்போ இருக்கும்போது செய்வது நல்லது. கால் வந்தாலும் ரிவரில் தப்பிக்க ஒரு வழி இருக்கும்.

ஆனால் செய்வதற்கு முன்னால், அவர் டர்னில் செக் பண்ணி ரிவரில் பெரிய கையைத் திறந்து காட்டியதைப் பார்த்திருக்கிறீர்களா என்று யோசியுங்கள். சிலர் வலை விரிப்பதற்காகவே அங்கே செக் பண்ணுவார்கள். அப்படி ஒன்று பார்த்திருந்தால் இந்த வழியை அவரிடம் விட்டுவிடுங்கள்.

ரைஸ் பண்ணும் தொகை ஒவ்வொரு தடவையும் மாறுகிறது

வழக்கமாக 60 ராண்ட் ரைஸ் பண்ணுகிறவர் ஒரு தடவை மட்டும் 160 என்றால், கையில் பெரும்பாலும் ஜாக் ஜோடி, 10 ஜோடி, சில சமயம் குயின் ஜோடி. ஃபிளாப் பார்க்கவே பயந்து, ஆட்டத்தை அங்கேயே முடித்துவிடப் பார்க்கிறார். பயத்துக்குக் காரணமும் இருக்கிறது: ஜாக் ஜோடி வைத்திருந்தால், அதைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது ஃபிளாப்பில் விழுவது நூற்றில் 57 தடவை. ஏஸ் ஜோடி கிடைத்தாலோ அவரே 40 என்று மெதுவாகத் தட்டுவார், எல்லோரும் உள்ளே வர வேண்டும் என்று. இரண்டையும் ஒரு தடவை திறந்து காட்டிவிட்டால், அப்புறம் அவர் சொல்கிற தொகையே கையைச் சொல்லிவிடும். 160-க்கு வந்து, ஃபிளாப்பில் ஏஸோ கிங்கோ விழுந்து, அவர் செக் பண்ணினால் கட்டுங்கள். 40-க்கு மரியாதை கொடுங்கள்.

துனீயிலிருந்து வந்தவர்களிடம் இன்னொன்றும் பார்க்கிறேன். அங்கே ஜாக்தான் எல்லாவற்றுக்கும் மேல், 30 புள்ளி. அடுத்தது 9, 20 புள்ளி. ஏஸுக்கு 11-தான். அந்தக் கண்ணோடு ஜாக்-9-ஐப் பெரிய கையாக நினைத்து ரைஸுக்குக் கால் பண்ணுகிறவர்கள் எங்கள் மேசையில் இன்றும் இருக்கிறார்கள். தரையில் ஜாக் பெரிய சீட்டாக விழுந்து, உங்களிடம் ஏஸ்-ஜாக் இருந்தால் மூன்று கட்டமும் தயங்காமல் கட்டுங்கள்.

ஒரு மணி நேரமாக ஒரு கையும் ஆடவில்லை

இவரிடமிருந்து பெரிய பாட் எதிர்பார்க்காதீர்கள், சின்னச் சின்னதாக எடுக்கலாம். பிளைண்டில் இப்படிப்பட்ட இருவர் உட்கார்ந்திருந்தால், பட்டனில் இருந்து 60 ரைஸ் பண்ணுங்கள். 30-ஐ எடுக்க 60 போடுகிறீர்கள், மூன்றில் இரண்டு தடவை இருவரும் விட்டால் போதும்.

அவர் மறு ரைஸ் பண்ணினால் யோசிக்காமல் கவிழ்த்துவிடுங்கள். ஏஸ், கிங், குயின் ஜோடிகளும் ஏஸ்-கிங்கும் சேர்ந்து, மொத்தம் உள்ள 1,326 சேர்க்கைகளில் 34-தான். அந்த 34-க்குத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தார். சின்ன ஜோடி இருந்தால் மட்டும் ஒரு விலக்கு. அதே சீட்டு மூன்றாவதாக ஃபிளாப்பில் விழுவது நூற்றில் 12 தடவை. நீங்கள் போட வேண்டிய தொகையைப் போல 15 மடங்காவது அவர் முன்னால் சிப் இருந்து, ஏஸ் ஜோடியை விடத் தெரியாதவர் என்றால், ஒரு தடவை பார்க்கலாம்.

மச்சான்கள் இருவர் ஒருவர்மேல் ஒருவர் கட்டுவதில்லை

வீட்டு மேசையில் இது சகஜம். இருவர் மட்டும் மிஞ்சினால் செக், செக் என்று தட்டிவிட்டுச் சீட்டைத் திறப்பார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, துனீயில் ஜோடி சேர்ந்து ஆடிய பாசம். கேசினோவில் இதற்கு இடம் கிடையாது. வீட்டில் வேண்டுமானால், மேசை போடுகிற அண்ணனிடம் தனியாகச் சொல்லுங்கள். எல்லோர் முன்னிலையிலும் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம்.

ஆட்டத்துக்கு இதில் பயன் உண்டு. அந்த இருவரும் உள்ளே இருக்கும்போது, ஒருவர் மற்றவரையும் பொருட்படுத்தாமல் கட்டினால் அது நிஜமான கை. மச்சானை ஏமாற்ற அவர் பிளஃப் பண்ணமாட்டார்.

கை நடுங்குகிறது, பெருமூச்சு விடுகிறார், உங்களை முறைக்கிறார்

சிப் வைக்கும்போது கை நடுங்கினால் பிளஃப் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நேர்மாறு, பெரிய கை வந்த படபடப்பு அது. "சரி, என்ன பண்றது, கட்டித்தான் பார்ப்போம்" என்று சலித்துக்கொண்டே ரைஸ் பண்ணுகிறவரிடமும் நல்ல கைதான் இருக்கும். உங்களை நேராக முறைத்துப் பார்ப்பவர் பல சமயம் நீங்கள் விட வேண்டும் என்று விரும்புகிறார்.

இதையெல்லாம் அவருடைய சாதாரண நிலையோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போதே கை நடுங்குகிற பெரியவர்கள் மேசையில் இருப்பார்கள். என்னைக் கேட்டால் முகத்துக்குக் கொடுக்கிற கவனத்தைவிட இரண்டு பங்கு கவனத்தைக் கட்டுகிற தொகைக்குக் கொடுங்கள்.

பெரிய பாட்டை இழந்த பிறகு எல்லாக் கையையும் ஆடுகிறார்

இழந்ததை உடனே மீட்க வேண்டும் என்ற வேகம். ஆட்ட முறை எளிது: பிளஃப் நிறுத்துங்கள், கையைக் கொஞ்சம் இறுக்குங்கள், நல்ல ஜோடி வந்தால் அவர் கட்டக் கட்ட கால் பண்ணிக்கொண்டே போங்கள். மேலே சொன்ன, திடீர் ரைஸுக்குக் கவிழ்க்கும் விதி இந்த அரை மணி நேரத்துக்கு அவருக்குச் செல்லாது. முடிந்தால் அவருக்கு இடது பக்கத்து நாற்காலிக்கு மாறிக்கொள்ளுங்கள், அவர் செய்வதைப் பார்த்த பிறகு நீங்கள் பேசலாம்.

ஆனால் இரண்டு நிலையைப் பிரித்துப் பாருங்கள். கோபத்தில் ஆடுகிறவர் ஒருவர். வீட்டு வாடகைப் பணத்தை ஆடுகிறவர் இன்னொருவர். மறுபடி மறுபடி பணம் எடுக்க இயந்திரத்துக்குப் போகிறார், பக்கத்தில் இருப்பவரிடம் கடன் கேட்கிறார், வீட்டிலிருந்து வரும் அழைப்பை எடுக்கவில்லை என்றால் இது ஆட்டப் பிழை இல்லை. அவரிடம் எடுக்கிற பணம் எனக்கு வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வீட்டு மேசை என்றால் ஆட்டத்தை அன்றைக்கு நிறுத்துங்கள். கேசினோ என்றால் எழுந்து வாருங்கள். தென்னாப்பிரிக்கப் பொறுப்புச் சூதாட்ட அறக்கட்டளையின் இலவச எண் 0800 006 008. அந்த நபரின் வீட்டாருக்கும் அதில் உதவி கிடைக்கும். எண்ணைக் கொடுக்கக் கூச்சப்படாதீர்கள்.

நீங்கள் ரைஸ் பண்ணினால் எல்லோரும் கவிழ்த்துவிடுகிறார்கள்

இந்த அறிகுறி உங்களுடையது. ஏஸ் ஜோடி வந்தும் பிளைண்ட் மட்டும்தான் கிடைக்கிறது என்றால், மேசை உங்கள் பழக்கத்தைப் படித்துவிட்டது. ஏஸ் ஜோடி சராசரியாக 221 கைக்கு ஒரு தடவைதான் வரும், அது வந்தும் காசு கிடைக்காமல் போவது சின்ன நஷ்டம் இல்லை. கடைசியாக நீங்கள் திறந்து காட்டிய கைகளை நினைவுபடுத்துங்கள். எல்லாமே பெரிய கையாக இருந்ததா? தொகை கையைப் பார்த்து மாறியதா? நல்ல கைக்கு உடனேயும் மோசமான கைக்கு யோசித்தும் கட்டுகிறீர்களா?

திருத்தும் வழி, எந்தக் கைக்கும் ஒரே தொகை, ஏறக்குறைய ஒரே நேரம். பட்டனிலும் அதற்கு முந்தின இடத்திலும் ஒரே சாதியில் அடுத்தடுத்த சீட்டு, அதாவது 8-7, 9-8 போன்றவற்றோடும் ரைஸ் பண்ணத் தொடங்குங்கள். அவர்கள் விடுகிறவரை பிளைண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பொறுமை இழந்து கால் பண்ணத் தொடங்கியதும் அந்தக் கைகளைக் குறைத்து, மறுபடி நல்ல கைக்குத் திரும்புங்கள். இதற்கு முன்னால் பிளைண்டில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் சொன்ன, எதையும் விடாத ஆள் அங்கே இருந்தால் 8-7-ஐக் கவிழ்த்துவிட்டு, ஏஸ்-கிங் வரும்வரை காத்திருங்கள்.